மந்தைவெளியிலிருந்து உழைப்பாளர் சிலை வரை

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

சென்னை மந்தைவெளியில் குடியிருந்து, வங்கியொன்றில் பணிபுரியும், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருக்கும் பெண் நான். இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டது என்று எட்டு ஆண்டுகளுக்கு முன்பு மருத்துவர் எச்சரித்த பிறகு நடக்கத் தொடங்கினேன். அந்த நடை ஓராண்டுக்குள் ஓட்டமாக மாறியது. இப்போது வாரத்தில் நான்கு நாள் விடியற்காலையில் ஓடுகிறேன். வீட்டிலிருந்து சாந்தோம் வழியாகக் கலங்கரை விளக்கம் வரை இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல். அங்கிருந்து மெரினாவின் நடைபாதையில் உழைப்பாளர் சிலை வரை மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. போய்த் திரும்பினால் பத்துக் கிலோமீட்டர். எனக்கு ஏறத்தாழ 70 நிமிடம் ஆகும். இந்த 70 நிமிடத்தில் நான் எதிர்கொள்ளும் சிறிய இடைஞ்சல்களைப் பற்றியே இன்று பேச வந்திருக்கிறேன்.

முதல் இடைஞ்சல் வாசற்படியைத் தாண்டுவதற்கு முன்பே வந்துவிடும். நான்கேகால் மணிக்கு எழுந்து, டிகாக்ஷன் இறக்கி, மகனின் மதிய உணவுக்கு வேண்டியதை நறுக்கி வைத்துவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்பினால்தான் ஆறரைக்குள் வீடு திரும்ப முடியும். கோடையில் தண்ணீர் லாரி வரும் நாள் என்றால் அந்தக் கணக்கு முழுவதும் குலைந்துவிடும். லாரி ஐந்தரைக்கும் வரலாம், ஏழுக்கும் வரலாம். ஷூவை மாட்டிக்கொண்டு வாசலிலேயே காத்திருந்து, வானம் வெளுத்துப் போவதைப் பார்த்தபடி ஷூவைக் கழற்றி வைத்த நாட்கள் எத்தனையோ. ஓட முடியாமற் போன ஒரு நாளுக்காக ஒருவர் வருந்துவதை வீட்டில் மற்றவர்களுக்குப் புரியவைப்பது எளிதாக இல்லை. ஆனால் அந்த வருத்தம் உண்மையானது என்பதை ஓடுகிறவர்கள் அறிவார்கள்.

தெருவில் இறங்கிவிட்டால் பிறகு எல்லாமே தரையைப் பற்றியதுதான். ஓடும்போது என் கால்கள் நிமிடத்துக்கு ஏறத்தாழ 165 முறை தரையில் படுகின்றன. 70 நிமிடத்தில் அது பதினோராயிரத்தைத் தாண்டிவிடும். ஒவ்வொரு முறை பாதம் பதியும்போதும் உடல் எடையைப்போல் இரண்டு முதல் மூன்று மடங்கு விசையைக் கால் தாங்குகிறது. ஆகையால் காரில் செல்பவர் கவனிக்காத, ஏன், நடந்து செல்பவரும் சமாளித்துவிடுகிற ஒரு விரல் உயரப் பிசகுகூட ஓடுகிறவரின் கணுக்காலுக்குத் தெரிந்துவிடும். எந்த வீட்டு வாசலில் பேவர் கல் பெயர்ந்திருக்கிறது, எந்த வேகத்தடைக்கு வெள்ளைக்கோடு அழிந்துவிட்டது, எந்தத் திருப்பத்தில் மணல் கொட்டிக் கிடக்கிறது என்பதையெல்லாம் என் கால்கள் மனப்பாடமாக வைத்திருக்கின்றன.

நடைபாதை எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் எழுதப்பட்ட நெறிமுறையே உண்டு. தடையில்லாமல் நடப்பதற்கான அகலம் குறைந்தது 1.8 மீட்டர், தலைக்கு மேல் 2.2 மீட்டர் உயரத்துக்கு எதுவும் குறுக்கிடக் கூடாது, சாலையிலிருந்து நடைபாதையின் உயரம் 150 மில்லிமீட்டருக்கு மேற்படக் கூடாது என்று இந்தியச் சாலைகள் மாமன்றம் 2012-ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. 1.8 மீட்டர் என்றால் இருவர் எதிரெதிரே தோள் உரசாமல் கடந்துபோகலாம். 150 மில்லிமீட்டர் என்றால் ஒரு சாணுக்கும் குறைவு, முதியவர் ஒருவர் கைத்தடியோடு ஏறிவிடலாம். என் பாதையில் முழங்கால் உயரத்துக்கு எழும்பி நிற்கும் நடைபாதையும் இருக்கிறது. அதில் ஏறினால் இருபது அடியில் ஒரு வீட்டுக் காருக்கான சரிவு, அதைக் கடந்தால் மின்பெட்டி, அடுத்து வரிசையாக இருசக்கர வண்டிகள், அதற்கப்பால் விளம்பரப் பலகையின் கம்பி. சுரங்க ரயில் பணிக்காக எங்கள் பகுதியில் நிற்கும் தகரத் தடுப்புகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அந்த ரயிலை நானும் ஆவலோடுதான் எதிர்பார்க்கிறேன். ஆனால் தடுப்புக்கும் கடைச் சுவருக்கும் இடையே மீந்திருக்கும் இடத்தில் பேருந்தும் ஆட்டோவும் நடப்பவரும் ஓடுபவரும் ஒரே சமயத்தில் போக வேண்டியிருக்கிறது.

ஆகவே சாலையில்தான் ஓடுகிறேன். நம் நாட்டில் வண்டிகள் இடப்புறம் போவதால், எதிரே வருவதைப் பார்த்து ஓடுவதற்காக வலப்புற ஓரத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வேன். மழைநீர் வடிவதற்காகச் சாலையை ஓரத்தை நோக்கிச் சரித்தே போட்டிருப்பார்கள். ஒரே பக்கமாக நாள்தோறும் ஓடினால் ஒரு கால் மேட்டிலும் மறு கால் பள்ளத்திலும் பட்டுப்பட்டு முழங்காலின் வெளிப்புறத்தில் வலி தொடங்கும். நடுச்சாலைக்கு நகர்ந்தால் பால் வண்டிக்காரர் ஒலிப்பானை அழுத்துவார். இவற்றையெல்லாம் விட எனக்கு அச்சம் தருவது, ஒருவழிப்பாதையில் எதிர்த்திசையாக, விளக்கும் போடாமல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் இருசக்கர வண்டிதான்.

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நவம்பர் மாதம், இரவு முழுதும் பெய்த மழை விட்டிருந்த விடியலில், தெருவிளக்கு எரியாத ஒரு குறுக்குத்தெருவில் நடைபாதையின் மேல் ஓடினேன். வடிகாலை மூடியிருந்த சிமெண்ட் பலகைகளில் ஒன்று இல்லை. வலது கால் முழங்கால் வரை உள்ளே போயிற்று. கீழே கலங்கலான தண்ணீர்; பலகையின் விளிம்பு கெண்டைக்காலின் முன்பக்கத் தோலை நெடுகச் சீவியிருந்தது. எழுந்து நிற்க முயன்றபோதுதான் கணுக்காலும் பிசகியிருப்பது தெரிந்தது. தசைநார் பாதி கிழிந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். ஆறு வாரம் ஓடவில்லை. ஏழாவது வாரம் அந்தத் தெரு வழியாக மெதுவாக நடந்து போனேன். பலகை அப்போதும் வந்திருக்கவில்லை. ஆனால் அந்தப் பள்ளத்தில் ஒரு முருங்கைக் கிளை நட்டுவைக்கப்பட்டு, அதன் உச்சியில் கிழிந்த சிவப்புச் சட்டையொன்று கட்டப்பட்டிருந்தது. எதிர்க் குடியிருப்பின் இரவுக் காவலாளியான பெரியவர் ஒருவர்தான் அதைச் செய்திருந்தார். கிளை வாடியபோதெல்லாம் அவரே வேறொன்றை ஒடித்து வைத்தார் என்பதைப் பின்னர் கவனித்தேன்.

தெருநாய்களைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. ஓடுகின்ற எதையும் துரத்துவது நாயின் இயல்பு. அது துரத்தும்போது நாம் வேகத்தைக் கூட்டினால் அதுவும் கூட்டும். நின்று, அதற்கு முதுகு காட்டாமல், அதன் தெருவைக் கடக்கும் வரை நடந்துவிடுவதே நான் கற்றுக்கொண்ட வழி. என் பாதையில் இருக்கும் நாய்கள் பலவற்றுக்கு என்னை இப்போது தெரியும். புதிதாக வந்து சேரும் ஒன்றுதான் சிக்கல். கடிபட்டால் எவ்வளவு சிறிய கீறலாக இருந்தாலும் ஓடும் நீரில் சோப்பு போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே தடுப்பூசிக்குப் போய்விட வேண்டும் என்பதை இந்த வாய்ப்பைப் பயன்படுத்தி நேயர்களுக்கு வலியுறுத்துகிறேன், ஏனெனில் வெறிநோய் ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால் பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது.

நாயைவிட மனிதரைக் கண்டு நான் ஒதுங்கிய நாட்களும் உண்டு. இருட்டில் தனியாக ஓடும் பெண்ணுக்குப் பின்னால் ஒரு வண்டி வேகத்தைக் குறைத்தால், அது வழி கேட்கத்தானா என்று முடிவு செய்வதற்கு ஒரு நொடி கூடக் கிடைப்பதில்லை. அதனால் காதில் பாட்டு வைத்துக்கொள்வதை விட்டுவிட்டேன். மார்கழியில் மட்டும் அந்தப் பயம் குறைகிறது. அம்மாதம் ஐந்து மணிக்கே வாசல்களில் விளக்கு எரிய, பெண்கள் கோலமிட்டுக்கொண்டிருப்பார்கள். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவை கேட்கும். கோலத்தில் கால் படாமல் சுற்றிக்கொண்டு ஓடுவேன், யாராவது ஒருவர் தலைநிமிர்ந்து சிரிப்பார்.

குளிர் காலத்தின் அருமை சித்திரை வைகாசியில்தான் புரியும். விடியற்காலையில் வெயில் இல்லையே, அப்போது ஓடுவதில் என்ன கடினம் என்று அலுவலகத் தோழியர் கேட்பார்கள். வெப்பம் குறைவாக இருக்கும் அந்த வேளையில்தான் கடற்கரைக் காற்றின் ஈரப்பதம் மிகுதியாக இருக்கிறது. வியர்வை உடலைக் குளிர்விப்பது அது ஆவியாகும்போதுதான். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பத்தை எடுத்துச் சென்றுவிடும். ஆவியாகாமல் முழங்கை நுனியிலிருந்து சொட்டும் வியர்வையால் உடலுக்குக் குளிர்ச்சியும் இல்லை, நீரும் உப்பும்தான் இழப்பு. மார்கழியில் நிமிடத்துக்கு 145 முறை துடித்துக்கொண்டு எளிதாக ஓடவைத்த அதே இதயம், கத்திரி வெயில் காலத்தில் அதே வேகத்துக்கு 160-ஐத் தாண்டும். அந்த மாதங்களில் கடிகாரத்தைப் பார்த்து மனம் உடையாமல், கலங்கரை விளக்கத்தில் நின்று நீர் குடித்துவிட்டு, வேகத்தைக் குறைத்துக்கொள்வதே உடலுக்கு நாம் செய்யும் மரியாதை.

மெரினாவுக்குள் நுழைந்துவிட்டால் என் குறைகள் பெரும்பாலும் ஓய்ந்துவிடும். அங்கே பாதை அகலமானது, தொடர்ச்சியானது. காந்தி சிலையில் தொடங்கி, 1968-ஆம் ஆண்டு உலகத் தமிழ் மாநாட்டையொட்டி நிறுவப்பட்ட ஔவையார், பாரதியார், திருவள்ளுவர் முதலானோரின் சிலைகளே எங்களுக்கு மைல்கற்கள். “இன்று முடியவில்லை, ஔவையோடு திரும்பிவிட்டேன்” என்று ஓடும் தோழி ஒருவர் சொன்னால் மற்றவர்களுக்குத் தொலைவு விளங்கிவிடும். நான் திரும்புமிடம், தேபி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-இல் நிறுவப்பட்ட உழைப்பாளர் சிலை. பாறையைப் பெயர்க்கும் அந்த நால்வரின் கெண்டைக்காலையும் தொடையையும் மூச்சு வாங்கியபடி அண்ணாந்து பார்க்கும்போது, தரையில் ஊன்றிய பாதத்திலிருந்து முதுகு வரை விசை ஏறிச் செல்வதை அந்தச் சிற்பி எவ்வளவு கூர்ந்து கண்டிருக்கிறார் என்று ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். மெரினாவின் நடைபாதையும், 2019-இல் தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் திறக்கப்பட்ட அகன்ற நடைபாதையும் நம் நகரத்தில்தானே இருக்கின்றன. என் வீட்டிலிருந்து கலங்கரை விளக்கம் வரையிலான இரண்டு கிலோமீட்டருக்கு மட்டும் அது ஏன் வாய்க்கக் கூடாது என்ற கேள்வி திரும்பி ஓடும் வழியெல்லாம் என்னோடு வரும்.

அந்த இரண்டு கிலோமீட்டரில் நாள்தோறும் எதிரே வருபவர் ஒரு பூக்கார அக்கா. கோயம்பேட்டிலிருந்து முதல் பேருந்தில் பூ வாங்கி வந்து, கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு சாலையோரமாகவே நடப்பார். ஒரு நாள் லாரியொன்று அவரை உரசினாற்போல் போனதைப் பார்த்துப் பதறி, நடைபாதை மேல் ஏறி வரக் கூடாதா என்று கேட்டுவிட்டேன். “நீ ஓடற மா, லாரி வந்தா திரும்பிப் பாத்துக்குவ. நான் கூடைய தலைல வச்சிக்கினு எப்படி மா திரும்புவேன்? அது மேல ஏறவும் முடியாது, எறங்கவும் முடியாது” என்றார். எனக்கு இடைஞ்சலாக இருந்தவை அவருக்கு அன்றாட ஆபத்தாக இருப்பதை அதுவரை நான் எண்ணிப் பார்த்ததில்லை.

அதன் பிறகு நானும் எங்கள் தெருக்காரர்கள் சிலரும் புகார் எழுதிக்கொண்டே இருந்தோம். முருங்கைக் கிளை நின்ற இடத்தில் சென்ற தைமாதம் புதுப் பலகை போடப்பட்டது. பெயர்ந்திருந்த கற்களையும் சில கஜ தூரத்துக்குச் சமன் செய்தார்கள், ஏறுவதற்கு ஒரு சிறு சரிவும் வைத்தார்கள். மறுநாள் விடியலில் அக்கா அந்தச் சரிவின் முன் நின்று, காலால் அழுத்திப் பார்த்துவிட்டு, மேலே ஏறினார். நான் ஓடாமல் எதிர்ப்பக்கத்தில் நின்றுகொண்டேன். நாற்பது அடி தூரம், முகத்தை நேராக வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் நடந்தார். பிறகு மின்பெட்டி வந்தது. ஒரு கையால் கூடையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் மதில் சுவரைத் தொட்டபடி, மீண்டும் சாலையில் இறங்கினார்.

வணக்கம்.