அடுத்து எந்தப் புத்தகத்தைக் கொடுப்பது?

வணக்கம் நேயர்களே. நூலகத்தில் பதின்ம வயதினர் பகுதியில் பல வருடங்களாக உட்கார்ந்திருக்கிறேன். என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது: “பையனுக்குப் பதினாலு வயசு. ஒரு நல்ல புத்தகம் சொல்லுங்களேன்.” கேட்பது அம்மாவோ அப்பாவோ. பையன் பக்கத்தில்தான் நிற்பான், செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அந்தப் பையனிடம், “உனக்கு என்ன புத்தகம் பிடிக்கும்?” என்று கேட்பேன். வாய்மொழித் தேர்வு மாதிரி ஒரு கேள்வி. “தெரியல” என்பான், அதோடு சரி. இப்போதெல்லாம், “கடைசியா எதைப் பார்த்துட்டு ராத்திரி தூங்காம இருந்த?” என்று கேட்கிறேன். சீரியலோ, சினிமாவோ, வீடியோ கேமோ எதுவானாலும் பரவாயில்லை. பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம் நாம் காதைக் கொடுத்தால் போதும்.

ஒரு பையன் ஒரு துப்பறியும் தொடரைப் பற்றிப் பத்து நிமிடம் பேசினான். கொலை யார் செய்தார்கள் என்பதை ஒரே வரியில் முடித்துவிட்டான். மீதி நேரமெல்லாம் அந்த இன்ஸ்பெக்டரும் அவருடைய அண்ணனும் ஏன் பேசிக்கொள்வதில்லை என்பதுதான். துப்பறியும் கதைகள் இருக்கும் அலமாரிப் பக்கம் போன என் கால் அப்படியே திரும்பியது. நான் எடுத்துக் கொடுத்தது எஸ். இ. ஹின்டனின் ‘தி அவுட்சைடர்ஸ்’. அப்பா அம்மா இல்லாத மூன்று சகோதரர்களின் கதை. மூத்தவன் வேலைக்குப் போய்த் தம்பிகளைக் காப்பாற்றுகிறான், கடைசித் தம்பிக்கோ அண்ணனுக்குத் தன்னைப் பிடிக்காது என்ற எண்ணம். 1967-இல் வெளிவந்த நாவல். எழுதத் தொடங்கியபோது ஹின்டனுக்கு வயது 15, புத்தகமாக வந்தபோது 18. தன்னைச் சுற்றி இருந்த பையன்கள் தான் படித்த கதைகளில் இல்லையே என்றுதான் அவர் எழுத உட்கார்ந்தார். பையன்களைப் பற்றி ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்று ஒதுக்கிவிடுவார்களோ என்று பதிப்பாளர்கள் பயந்ததால், அட்டையில் முதலெழுத்துகள் மட்டும் வந்தன. இந்தச் சங்கதியைச் சொன்னதும்தான் பையன் செல்போனைப் பைக்குள் போட்டான்.

தோற்ற கதையையும் சொல்ல வேண்டும் இல்லையா? பதின்மூன்று வயதில் என்னை அழவைத்த தடிமனான நாவல் ஒன்றை ஒரு பெண்ணிடம் கொடுத்தேன். கொடுத்தேன் என்பதைவிடத் திணித்தேன் என்பது பொருத்தம். இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. “நல்லா இருந்துச்சு மிஸ்.” அவள் போன பிறகு புரட்டிப் பார்த்தால், பக்க அடையாளத்துக்கு வைத்த துண்டுச் சீட்டு 11-ஆம் பக்கத்திலேயே இருக்கிறது. என் மனம் நோகக் கூடாது என்று பொய் சொல்லியிருக்கிறாள், பாவம். நூலகவியல் படித்தவர்களுக்கு, அந்தத் துறையின் முன்னோடி ரங்கநாதன் 1931-இல் எழுதிய ஐந்து விதிகள் மனப்பாடம். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல், ஒவ்வொரு நூலுக்கும் அதற்கான வாசகர் என்பவை அதில் இரண்டாவதும் மூன்றாவதும். நானும் மனப்பாடம் செய்தவள்தான். அந்த நாவலுக்கான வாசகர் அன்றைய நான். அந்தப் பெண்ணை நான் பார்க்கவே இல்லை.

பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பென்னாக் 1992-இல் வாசகரின் பத்து உரிமைகளைப் பட்டியல் போட்டார். மூன்றாவது உரிமை, புத்தகத்தைப் பாதியில் விடலாம் என்பது. இப்போது புத்தகம் கொடுக்கும்போதே, “இருபது பக்கம் பாரு, இழுக்கலைன்னா கொண்டு வந்துடு” என்று சொல்லிவிடுகிறேன். அதற்கப்புறம் பொய் குறைந்துவிட்டது.

நாயகனின் வயதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்தவர்களைப் பற்றிப் படிக்கத்தான் ஆசைப்படுவார்கள். பதினாலு வயதுக்காரனிடம் பன்னிரண்டு வயது நாயகனைக் கொடுத்தால், “சின்னப் பசங்க கதை” என்று முகம் சுளிப்பான்.

பக்கம் நிறைய எழுத்தைப் பார்த்தாலே மிரளும் பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்கு நான் வைத்திருப்பது கவிதை வடிவ நாவல்கள். க்வாமே அலெக்ஸாண்டரின் ‘தி க்ராஸ்ஓவர்’, கூடைப்பந்து ஆடும் இரட்டையர்களின் கதை. 2014-இல் வந்தது, அடுத்த ஆண்டே, அமெரிக்காவில் சிறுவர் நூல்களுக்குத் தரும் நியூபெரி பதக்கம் பெற்றது. பக்கத்தில் சொற்கள் பந்து மாதிரி துள்ளி இறங்கும், பாதிப் பக்கம் வெள்ளையாகவே இருக்கும். வாசிக்கவே மாட்டேன் என்றவர்கள் ஒரே மூச்சில் பாதி முடித்ததைப் பார்த்திருக்கிறேன். படக்கதைகளும் அப்படித்தான். “படக்கதையா? அதெல்லாம் படிப்பா?” என்று கேட்கும் பெற்றோருக்காகவே ஒரு தகவலைக் கையில் வைத்திருக்கிறேன். இளையோர் இலக்கியத்துக்கான ப்ரின்ட்ஸ் விருது 2007-இல் ஜீன் லுவென் யாங்கின் படக்கதை நாவலுக்குத்தான் போனது.

அடுத்த கவலை, இதெல்லாம் இந்த வயசுக்குப் படிக்கலாமா என்பது. மார்க் ஹாடன் 2003-இல் எழுதிய ஒரு நாவலை 15 வயதுப் பையன் சொல்லிக்கொண்டு போகிறான். அவனுக்குக் கணக்கு உயிர். அதனால் அத்தியாயங்கள் 2, 3, 5, 7 என்று பகா எண்களாக வரும். இந்த நாவலைப் பெரியவர்களுக்கு ஒரு பதிப்பு, பிள்ளைகளுக்கு ஒரு பதிப்பு என்று ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். அட்டையில் போடும் வயதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளாததற்கு அதுவும் ஒரு காரணம். ஆனால் உள்ளே என்ன இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுவேன். கெட்ட வார்த்தை வரும், சண்டை வரும், நாய் ஒன்று சாகும். ஒரு சிறுமி கேட்டாள், “நாய் எப்ப சாகும் மிஸ்?” ஆரம்பத்திலேயே செத்துக் கிடக்கும் என்றேன். கொஞ்சம் யோசித்தாள். “அப்ப சரி. ஏற்கெனவே செத்ததுதானே.” வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

வீட்டில் கொடுப்பவர்களுக்கு ஒன்று. ஒரு புத்தகத்தை நீட்டினால் அது கட்டளை மாதிரி ஆகிவிடும். மூன்றை மேசைமேல் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். அருமையான புத்தகம், வாழ்க்கைக்கு உதவும் என்றெல்லாம் வேண்டாம். ஒரு காட்சியைச் சொல்லிப் பாதியில் நிறுத்துங்கள். படித்து முடித்ததும், “என்ன கத்துக்கிட்ட?” என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நானும் என் வீட்டில் கேட்டிருக்கிறேன், பலனை அனுபவித்தும் இருக்கிறேன்.

‘தி அவுட்சைடர்ஸ்’ கொண்டுபோன பையன் இப்போது எனக்கே சிபாரிசு செய்கிறான். டிராகன்கள் வரும் தொடர், ஆறு பாகம். முதல் பாகத்தை என் மேசையில் வைத்து, “படிங்க மிஸ், செமையா இருக்கும்” என்றான். எனக்கு டிராகன்கள் என்றால் கொட்டாவி வரும். வாரா வாரம் வந்து, “எத்தனாவது பக்கம் மிஸ்?” என்று கேட்கிறான். நேற்று நாற்பத்திரண்டு என்று சொல்லிவிட்டேன். உண்மையில் பதினொன்று.

நன்றி, வணக்கம்.