ஐபிஎல் புல்லுக்கு எந்தத் தண்ணீர்?

(காட்சி: ரயில் நிலையம். வரிசையாக நிற்கும் டேங்கர் வேகன்கள்.)

2016 ஏப்ரல். வறட்சியில் தவிக்கும் மகாராஷ்டிராவின் லாத்தூருக்கு ஒரு ரயில் வந்து நிற்கிறது. 10 வேகன்கள், சுமார் 5 லட்சம் லிட்டர் தண்ணீர். மிரஜில் நிரப்பி, 300 கிலோமீட்டருக்கு மேல் கொண்டுவந்திருக்கிறார்கள். எல்லாம் குடிப்பதற்கு.

அதே நாட்களில் மும்பை உயர் நீதிமன்றத்தில் ஒரு பொதுநல வழக்கு. மும்பை, புனே, நாக்பூர் மைதானங்களில் ஐபிஎல் நடத்தச் சுமார் 60 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று கணக்குச் சொன்னார்கள். லாத்தூர் ரயிலை வைத்து அளந்தால் 12 நடை. ஏப்ரல் 30-க்குப் பிறகு ஆட்டங்களை மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகச் சொன்னது நீதிமன்றம். மும்பையில் நடக்கவிருந்த இறுதிப்போட்டி பெங்களூரு சின்னசாமி மைதானத்துக்குப் போனது.

(காட்சி: சுழலும் ஸ்பிரிங்க்ளர்கள்.)

சரி, புல்லுக்கு ஏன் இவ்வளவு தண்ணீர்?

பிட்ச் 22 கஜம்தான். களிமண். டாஸுக்கு முன் யாராவது குனிந்து சாவியால் குத்திப் பார்ப்பதை டிவியில் பார்த்திருப்பீர்கள். ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று அறியத்தான். அது குடிப்பது கொஞ்சம். தண்ணீர் பெரும்பாலும் போவது பிட்ச்சைச் சுற்றியுள்ள புல்வெளிக்கு, அதாவது அவுட்ஃபீல்டுக்கு. இன்றைய அவுட்ஃபீல்டுகள் பலவும் மணல்மேல் போடப்பட்டவை. மழை விட்டதும் தண்ணீர் சட்டென்று இறங்கி ஆட்டம் தொடர வேண்டுமே, அதற்காக. ஆனால் மணல் மழைநீரைப் போலவே நாம் பாய்ச்சும் நீரையும் பிடித்துவைக்காது. மிச்சத்தைக் கோடை வெயில் குடித்துவிடுகிறது. ஐபிஎல் நடப்பதோ பெரும்பாலும் ஏப்ரல், மேயில்.

இப்போது பெங்களூருக்கு வருவோம்.

சின்னசாமி அக்கறையோடு பார்த்துக்கொள்ளப்படும் மைதானம். 2015-லேயே கூரையில் சோலார் வைத்தார்கள். 2017-ல் புல்லுக்கு அடியில் குழாய் பதித்து, மழைநீரை உறிஞ்சி எடுக்கும் சப்-ஏர் அமைப்பைக் கொண்டுவந்தார்கள். மழை வந்தால் என்ன செய்வது என்பதற்கு எல்லாம் தயார்.

ஆனால் 2023-ல் பருவமழை பொய்த்தது. 2024 மார்ச்சில் நகரமெங்கும் போர்வெல்கள் வறண்டன. கார் கழுவ, செடிக்கு ஊற்றக் குடிநீரைப் பயன்படுத்தினால் 5,000 ரூபாய் அபராதம் என்றது குடிநீர் வாரியம். வீட்டுத் தொட்டிச் செடிக்கே இல்லாத தண்ணீரை மைதானத்துக்கு எப்படிக் கேட்பது? எட்டு வருடம் முன்பு வறட்சியிலிருந்து தப்பித்து வந்த ஐபிஎல்லை, தப்பித்து வந்த ஊரிலேயே வறட்சி பிடித்துக்கொண்டது.

(காட்சி: கப்பன் பூங்காவின் மரங்கள், பின்னால் மைதானத்தின் விளக்குக் கம்பங்கள்.)

விடை பக்கத்திலேயே இருந்தது. மைதானத்தை ஒட்டிய கப்பன் பூங்காவில் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. அங்கிருந்து தினமும் 75,000 லிட்டர் தருவதாக வாரியம் ஒப்புக்கொண்டது. காவிரித் தண்ணீர் அந்த நகரத்துக்குச் சுமார் 100 கிலோமீட்டர் தள்ளியிருந்து, மேட்டில் ஏற்றி வருகிறது. அதைப் புல்லுக்கு ஊற்ற வேண்டாம்; வீடுகளில் ஒருமுறை பயன்படுத்தி விட்ட தண்ணீரைச் சுத்திகரித்தால் புல்லுக்குத் தாராளமாகப் போதும். இதை நெருக்கடி வந்தால் மட்டும் செய்யும் ஏற்பாடாக விட்டுவிடக் கூடாது. குழாய் பதித்து, ஒவ்வொரு மைதானத்துக்கும் நிரந்தரமாக்க வேண்டும். ஆட்டத்தை வேறு ஊருக்கு மாற்றினால் தாகமும் அந்த ஊருக்குத்தான் போகிறது.

(காட்சி: ஸ்கோர் வரிசையில் ரன் எடுக்காத டாட் பாலுக்குப் பதில் பச்சை மரம்.)

அப்புறம், இதையும் பார்த்திருப்பீர்கள். 2023 பிளேஆஃப் ஆட்டங்களில் ஒவ்வொரு டாட் பாலுக்கும் 500 மரக்கன்று நடுவதாக இந்தியக் கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ அறிவித்தது. நல்ல காரியம், வரவேற்கிறேன். அந்தக் கன்றுகளுக்கும் வேர் பிடிக்கும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். அதனால் பிசிசிஐயிடம் ஒரு வேண்டுகோள்: மரம் காட்டும் அதே திரையில் இன்னும் ஒரு வரி போடுங்கள். இன்று இந்த மைதானத்துக்கு எத்தனை லிட்டர், அதில் குடிநீர் எவ்வளவு, சுத்திகரித்தது எவ்வளவு?