மூன்று மில்லிமீட்டர் எலும்பு

எல்லோருக்கும் வணக்கம். காது டாக்டர் பேச வருகிறார் என்றதும் இரண்டு மூன்று பாட்டிகளை முன்வரிசையில் கொண்டுவந்து உட்கார வைத்திருக்கிறீர்கள். நல்லது, சத்தமாகவே பேசுகிறேன்.

வீட்டில் கூப்பிட்டால் கேட்காது, ஓடுகிற பஸ்ஸில் பேசினால் கேட்கும். இப்படி யாராவது உங்கள் வீட்டில் உண்டா? சிரிக்காதீர்கள். என்னிடம் வந்த ஒரு டீச்சரின் கதையே அதுதான். வயது முப்பத்தைந்து இருக்கும். "வேண்டியது மட்டும் இவளுக்குக் கேட்கும்" என்று வீட்டில் கேலி. அவரோ மிக மெதுவாகப் பேசினார். பொதுவாகக் காது கேட்காதவர்கள் சத்தம் போட்டுத்தான் பேசுவார்கள். இவருக்கு அவருடைய குரலே தலைக்குள் பெரிதாகக் கேட்கிறது, அதனால் தணித்துப் பேசுகிறார். பஸ்ஸில் நாம் இரைச்சலுக்கு மேல் குரலை உயர்த்துகிறோம். அந்த இரைச்சல் அவருக்கு அவ்வளவாகக் கேட்பதில்லை, நம் குரல் மட்டும் போய்ச் சேருகிறது.

இசைக்கவையைத் தட்டிக் காதுக்கு நேரே பிடித்தேன். உதட்டைப் பிதுக்கினார். அதன் காம்பைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்ததும் கண் விரிந்தது. அப்படியானால் நரம்பு நன்றாக இருக்கிறது, அடைப்பு வழியில்தான்.

செவிப்பறைக்குப் பின்னால் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று எலும்புகள். கடைசியில் இருக்கும் அங்கவடிதான் உடம்பிலேயே சிறியது. உயரம் மூன்று மில்லிமீட்டர் சொச்சம். உள்காதின் சாளரத்தில் அது பிஸ்டன் மாதிரி ஆடவேண்டும். சிலருக்கு அதைச் சுற்றி எலும்பு வளர்ந்து துருப்பிடித்த கீல் போல இறுகிவிடுகிறது. ஓட்டோஸ்கிளிரோசிஸ் என்பது இதுதான். பெண்களுக்குத்தான் அதிகம்.

அதை அசைத்துவிடலாமே என்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே கெஸ்ஸல், மியோ போன்ற டாக்டர்கள் செய்து பார்த்தார்கள். ஆண்டிபயாடிக் இல்லாத காலம். சீழ் மூளைக்குப் போனால் ஆள் காலி. 1900-இல் பாரிஸில் கூடிய மாநாட்டில் பெரிய வைத்தியர்கள் இது பயனற்றது, ஆபத்தானது என்று சொல்லிவிட்டார்கள். பயம் நியாயமானதுதான். ஆனால் அந்தப் பேச்சோடு ஏறக்குறைய ஐம்பது வருஷம் அந்த எலும்பின் பக்கமே யாரும் போகவில்லை. 1938-இல் லெம்பர்ட் என்ற அமெரிக்க டாக்டர் அங்கவடியைத் தொடாமல் உள்காதில் வேறோர் இடத்தில் புதுச் சன்னலே வெட்டினார். கேட்டது, ஆனால் முழுசாக இல்லை. கூடவே தலைசுற்றலும் வந்தது.

1952-இல் நியூயார்க்கில் சாமுவேல் ரோசன் அந்தச் சன்னல் வெட்டத்தான் தயாரானார். எலும்பு உண்மையிலேயே இறுகியிருக்கிறதா என்று கருவியால் லேசாக அழுத்திப் பார்த்தார். மரத்துப்போக மட்டும் ஊசி போட்டிருந்த நோயாளி, எனக்குக் கேட்கிறதே என்றார்! ஆனால் அப்படி அசைத்துவிட்ட எலும்பு பலருக்குத் திரும்பவும் இறுகிக்கொண்டது. 1956-இல் அமெரிக்காவின் மெம்ஃபிஸில் ஜான் ஷே அந்த எலும்பையே எடுத்துவிட்டு, சாளரத்தைச் சிரைத் துண்டால், அதாவது ரத்தக்குழாய்த் துண்டால் மூடி, டெஃப்லானில் செய்த மாற்று எலும்பை வைத்தார். இன்று முழுதாக எடுப்பதுகூட இல்லை. அடித்தட்டில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான துளை, அதில் ஒரு பிஸ்டன், அவ்வளவுதான். செவிப்பறையைத் தாள் போல மடித்துத் திறந்து, காது வழியாகவே செய்துவிடுகிறோம்.

முன்வரிசைப் பாட்டிகளுக்கு ஒரு வார்த்தை. வயதானால் வரும் கேட்புக் குறைவு உள்காதில் நத்தை போலச் சுருண்ட எலும்புக்குள் இருக்கிறது. அதற்கு இந்த ஆபரேஷன் உதவாது, காது மெஷின்தான். பிறவியிலேயே கேட்காத குழந்தைக்குக் காக்ளியர் இம்ப்ளான்ட், அதாவது உள்காதில் பொருத்தும் கருவி உண்டு. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்கிறார்கள். பேச்சு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள், கேட்டால்தானே பேச்சு வரும். அப்புறம், காதில் சுடுஎண்ணெய் ஊற்றுவதை இன்றோடு விட்டுவிடுங்கள்.

டீச்சர் விஷயத்துக்கு வருகிறேன். அவருக்கும் மரத்துப்போக மட்டும்தான் ஊசி. பிஸ்டனைக் கொக்கி மாட்டிவிட்டு, மாஸ்க்குக்குள்ளிருந்தே மெதுவாக, "காலையில் காபி குடித்தீர்களா?" என்றேன். "வெறும் வயிற்றோடு வரச் சொன்னதே நீங்கள்தானே சார்" என்றார். தியேட்டரே சிரித்தது. சில வாரம் ரசம் தகரம் மாதிரி ருசித்தது என்றார். சுவை நரம்பு அந்த வழியாகத்தான் போகிறது, தொந்தரவு பட்டிருக்கும், சரியாகிவிட்டது.

அடுத்த மாதமே மறு காதையும் செய்யச் சொல்லி வந்து நின்றார். நான் மறுத்துவிட்டேன். நூற்றில் ஒருவருக்கு இந்த ஆபரேஷனில் இருக்கிற கேட்கும் திறனும் போய்விடலாம். முதல் காது நிலைத்து நிற்கிறதா என்று பல மாதம் பார்க்கவேண்டும். அவருக்குக் கோபம். இன்னும் தேதி கொடுக்கவில்லை.