பம்ப் மேல் பழி போடுமுன்

நேயர்களுக்கு வணக்கம். குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கமிருந்து விடியற்காலையில் வேலூர் நேதாஜி மார்க்கெட்டுக்கு லோடு அடிக்கும் பிக்கப் வண்டிக்காரர்கள் அடிக்கடி சொல்வது இது: "செல்ஃப் அடிச்சுக்கிட்டே இருக்கணும், டீசல் பம்ப் வீக்காயிடுச்சு." பம்பைக் கழற்றச் சொல்வதற்கு முன், டீசல் அதுவரை ஒழுங்காக வந்து சேருகிறதா என்று பாருங்கள்.

டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி இழுக்கிற வண்டிகளில் ரப்பர் ஹோஸ் மயிரிழை வெடித்தாலும் ஓடும்போது ஒரு சொட்டு வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ராத்திரி வண்டி நிற்கையில் லைனில் இருக்கும் டீசல் டேங்குக்கே இறங்கிவிடும். நம்ம ஊர் வெயிலில் கிளிப் மாட்டிய இடத்தில்தான் ஹோஸ் முதலில் காய்ந்து வெடிக்கும். பிரைமரை (டீசலைக் கையால் அடித்து ஏற்றும் சின்னப் பம்பை) நாலைந்து தரம் அழுத்தியதும் பட்டென்று ஸ்டார்ட் ஆனால் கோளாறு அநேகமாக அங்கேதான். பில்டருக்கும் பம்புக்கும் நடுவே ஒரு சாண் உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் ஹோஸ் மாட்டி எஞ்சினை ஓடவிடுங்கள். குமிழி தொடர்ந்து ஓடினால் காற்று எடுக்கிறது. ஹோஸ், கிளிப், பேஞ்சோ போல்ட்டின் (லைனை இணைக்கும் ஓட்டை போல்ட்டின்) செம்பு வாஷர் மூன்றையும் மாற்றுங்கள். பழைய வாஷரைத் தேய்த்துப் போடுவது வீண் வேலை.

பேரணாம்பட்டு மலைப்பாதையில் லோடோடு இழுக்காமல் திணறி, சமதளத்தில் நன்றாக ஓடினால் பில்டரோ டேங்க் வலையோ அடைத்திருக்கும். சுத்தமான கேனிலிருந்து டீசலை நேராகப் பில்டருக்குக் கொடுத்து ஓட்டிப் பார்த்தால், குற்றம் டேங்க் பக்கமா என்று தெரிந்துவிடும். ஐப்பசி மழைக் காலத்தில் பில்டரின் அடித் திருகைத் திறந்து ஒரு டம்ளர் வடித்துப் பாருங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் தனியாக நிற்கும். பம்பின் உள்பாகங்களுக்கு மசகும் டீசல்தான், ஆகவே தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்தால் உலோகத்தோடு உலோகம் உரசும்.

காமன் ரெயில் வண்டி, அதாவது ரெயில் என்ற ஒரே பொதுக் குழாயிலிருந்து எல்லா நாசிலுக்கும் அதிகப் பிரஷரில் டீசல் போகும் வண்டி என்றால் இன்னொரு சோதனை உண்டு. எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாலு நாசிலின் ரிட்டர்ன் குழாயையும் நாலு பாட்டிலில் விடுங்கள். ஒன்று மட்டும் வேகமாக நிறைந்தால் அந்த நாசில்தான் பிரஷரை விடுகிறது, பம்ப் அல்ல. ஸ்டார்ட் ஆக ரெயிலில் சுமார் 200 பார் (பிரஷரின் அளவு) தேவை. லோடு இழுக்கும்போது 1,000 பாரைத் தாண்டும். ரெயிலிலிருந்து நாசிலுக்குப் போகும் பைப்பை ஓடும் எஞ்சினில் தளர்த்தவே கூடாது. பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்க்கச் சின்னக் காயம், ஆனால் விரலே போகலாம்.

ஐடிலிங் ஏறி இறங்கினால் முதலில் பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் அளவு வால்வைப் பாருங்கள். பல பம்புகளில் அதை மட்டும் தனியாக மாற்றலாம்.

பில்டர் டீசலை வெள்ளைத் துணியில் ஊற்றும்போது வெள்ளித் தூள் மின்னினால் பம்ப் உண்மையிலேயே போய்விட்டது. அப்போது பம்பை மட்டும் மாற்றாதீர்கள். அந்தத் தூள் ரெயில், நாசில், ரிட்டர்ன் லைன் வழியாக டேங்க் வரை போயிருக்கும்; எல்லாவற்றையும் கழுவி, பில்டர் புதிதாகப் போட்ட பிறகே புதுப் பம்ப் ஏற வேண்டும். பிரைமர் கல்லாக இறுகும்வரை அழுத்திவிட்டு, பத்துப் பத்து விநாடியாகச் செல்ஃப் அடியுங்கள். பழுது பார்த்த பம்ப் என்றால், பெஞ்சில் (பம்பைச் சோதிக்கும் மெஷினில்) ஏற்றிய அளவுச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு பணம் கொடுங்கள்.