ஒரு சாண் பள்ளம் போதும்! தாழ்வான ஸ்போர்ட்ஸ் காரை உரசாமல் ட்ரெய்லரில் ஏற்றுவது எப்படி?

[திரையில்: காரின் முன் பம்பர், மிக நெருக்கத்தில். கீழே ராம்ப்பின் (ட்ரெய்லரில் ஏறுவதற்கான சரிவுத் தகடு) விளிம்பு.]

வணக்கம் மக்களே! இந்த இடைவெளியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பம்பருக்கு அடியில் இருக்கிற அந்தக் கறுப்பு லிப்புக்கும் ராம்ப்புக்கும் நடுவில் ஒரு விரல்கூட நுழையாது. டயர் இன்னும் ராம்ப்பைத் தொடவே இல்லை. இந்த நேரத்தில் யாராவது வின்ச் (கயிற்றைச் சுருட்டிக் காரை ட்ரெய்லர் மேல் இழுக்கிற கருவி) பட்டனை இன்னும் இரண்டு நொடி அழுத்தினால், கார்பன் ஃபைபர் லிப் 'பட்'டென்று பிளந்துவிடும். சில கார்களில் அதை மாற்றுகிற செலவுக்கு ஒரு நல்ல பைக்கே வாங்கிவிடலாம்.

இதைத் தடுக்க விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். ட்ரெய்லரை எங்கே நிறுத்துகிறோம் என்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. அந்த ஒரு விஷயத்தை இன்று நிறைய நேரம் எடுத்துப் பேசப் போகிறேன், ஏனென்றால் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். சேனலுக்குப் புதிதாக வந்தவர்கள் சப்ஸ்கிரைப் செய்துவிட்டு வாருங்கள், போகலாம்.

முதலில் ஒரு கேள்வி. கார்தான் ஓடுகிறதே, ஓட்டியே ஏற்றிவிடலாமே, வின்ச் எதற்கு? முக்கியமான காரணம், ஓட்டி ஏற்றும்போது ஆக்சிலரேட்டரை எவ்வளவு மெதுவாக மிதித்தாலும் கார் ஒரு குதி குதித்துத்தான் ஏறும், வின்ச் ஊர்ந்து ஊர்ந்து இழுக்கும், நினைத்த இடத்தில் நிறுத்தலாம். இன்னொன்றை நிறைய பேர் மேலே ஏறிய பிறகுதான் கவனிப்பார்கள்: கதவைத் திறக்க முடியாது. ஸ்போர்ட்ஸ் காரின் கதவு நீளமானது, தரைக்கு ஒட்டினாற்போல் இருக்கும். ட்ரெய்லரின் மட்கார்டு சரியாக அந்த இடத்தில் துருத்திக்கொண்டு நிற்கும். ஓட்டியவர் ஜன்னல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

நம் ஊரில் இந்த வேலை எங்கே அதிகம் நடக்கிறது என்றால், ரேஸ் வட்டாரத்தில்தான். கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்தில் காரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைக்குப் பக்கத்தில் இருங்காட்டுக்கோட்டை டிராக். ரேஸ் கார்களுக்கு நம்பர் பிளேட்டே கிடையாது, ரோட்டில் ஓட்டிப் போக முடியாது, அதனால் ஒவ்வொரு ரேஸுக்கும் இன்னொரு வண்டியின் முதுகில் ஏறித்தான் வர வேண்டும். எவ்வளவு தாழ்வாக இருக்கும் என்பதற்கு ஒரு உதாரணம்: பிரான்ஸின் லே மான்ஸ் 24 மணி நேர ரேஸில் 1966 முதல் 1969 வரை தொடர்ந்து ஜெயித்ததே ஃபோர்டு ஜிடி40, அந்தப் பெயரில் இருக்கிற 40 என்பது காரின் உயரம். 40 அங்குலம், ஒரு மீட்டரைவிட ஒரு துளி கூடுதல், அவ்வளவுதான்!

சரி, இப்போது கணக்குக்கு வருவோம். ஓடிப்போய்விடாதீர்கள், பள்ளிக்கூடக் கணக்குதான்.

[திரையில்: பக்கவாட்டுப் படம். காரின் மூக்கு, முன் டயர், ராம்ப்.]

முன் டயருக்கு முன்னால் மூக்கு ஒரு மீட்டர் நீட்டிக்கொண்டு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூக்கின் நுனி தரையிலிருந்து 10 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியென்றால் ஒரு மீட்டருக்கு 10 சென்டிமீட்டருக்கு மேல் ஏறுகிற எந்தச் சரிவிலும் டயருக்கு முன்னால் மூக்குதான் போய் முட்டும். கோணமாகச் சொன்னால் கிட்டத்தட்ட 6 டிகிரி. இப்போது ட்ரெய்லரைப் பாருங்கள். தளத்தின் உயரம் 60 சென்டிமீட்டர், ராம்ப்பின் நீளம் 2 மீட்டர். கோணம் 17 டிகிரிக்கு மேல் போகிறது! 6 டிகிரிக்கு மேல் தாங்காத காரை 17 டிகிரியில் ஏற்றப் பார்க்கிறோம்.

உடனே எல்லோரும் செய்வது பலகை போடுவது. ராம்ப்புக்கு முன்னால் இரண்டு பலகை, அடியில் கட்டை. நல்லதுதான், ஆனால் பலகையை மட்டும் வைத்தே 6 டிகிரிக்குக் கொண்டுவர வேண்டுமானால் மொத்தச் சரிவு ஆறு மீட்டர் நீளத்துக்குப் போகும். அவ்வளவு நீளப் பலகைக்கு எங்கே போவது, போனாலும் நடுவில் வளையாமல் யார் தாங்கிப் பிடிப்பது? இன்னொரு சிக்கலும் உண்டு. பலகையில் மெதுவாக ஏறிவிட்டு, அது முடிகிற இடத்தில் 17 டிகிரி ராம்ப் தொடங்கினால், மூக்கு அங்கே போய் இடிக்கும். பின் சக்கரம் இன்னும் தரையில்தானே இருக்கிறது, கார் முழுசாக மேல்நோக்கிச் சாயவில்லையே. கீழே காப்பாற்றிய லிப்பை அரை மீட்டர் தள்ளி உடைப்பது போல ஆகிவிடும்.

இப்போதுதான் பள்ளம் வருகிறது. இடத்தைத் தேடும்போது, ட்ரெய்லரின் சக்கரங்கள் மட்டும் ஒரு சாண் தாழ்ந்து நிற்கிற மாதிரி ஒரு இடம் பாருங்கள். இழுக்கிற வண்டி அந்தப் பக்கம் மேட்டில், நம்ம கார் இந்தப் பக்கம் மேட்டில், ட்ரெய்லர் சக்கரம் நடுவில் பள்ளத்தில். ஒரு சாண் என்றால் சுமார் 20 சென்டிமீட்டர், அதனால் தளமும் 20 சென்டிமீட்டர் இறங்கும் என்று தோன்றும். இல்லை, பின் விளிம்பு கிட்டத்தட்ட 30 சென்டிமீட்டர் இறங்குகிறது!

எப்படி? ட்ரெய்லர் சீசா பலகை மாதிரி. முன் நுனி இழுக்கிற வண்டியின் கொக்கியில் மாட்டியிருக்கிறது, அந்த வண்டி மேட்டில் நிற்பதால் நுனி கீழே இறங்காது. நடுவில் அச்சு 20 சென்டிமீட்டர் இறங்குகிறது. அச்சுக்கும் கொக்கிக்கும் மூன்றரை மீட்டர், அச்சுக்குப் பின்னால் தளம் 1.7 மீட்டர் என்று வையுங்கள், அப்போது பின் விளிம்பு கூடுதலாக 10 சென்டிமீட்டர் தாழும். 60 ஆக இருந்தது 30 ஆகிவிட்டது. பாதி! இனி அதே 2 மீட்டர் ராம்ப்பில் கோணம் எட்டரை டிகிரி, பலகை போட்டுச் சரிவை 3 மீட்டராக நீட்டினால் 6 டிகிரிக்கும் கீழே. கொசுறாக இன்னொரு லாபம்: ராம்ப் முடிந்து தளம் தொடங்குகிற முனையில்தான் காரின் வயிறு தட்டும், ட்ரெய்லரின் தளமே இப்போது பின்பக்கம் சாய்ந்திருப்பதால் அந்த முனையும் மழுங்கிவிடுகிறது. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் சந்தோஷமாக இருக்கும், ஒரு பைசா செலவில்லாமல் ஒரே பள்ளம் இரண்டு வேலை செய்கிறது.

ஒரு எச்சரிக்கை. சரிவான ரோட்டில் எல்லாமே ஒரே சரிவில் நின்றால் இந்தப் பலன் கிடைக்காது, கோணம் அப்படியேதான் இருக்கும், காரும் ட்ரெய்லரும் சேர்ந்து சாய்கின்றன, அவ்வளவுதான். ட்ரெய்லர் சக்கரம் மட்டும் தாழ வேண்டும். அப்புறம், கொக்கியிலிருந்து ட்ரெய்லரைக் கழற்றி வைத்துவிட்டு ஏற்றவே கூடாது. காரின் பாரம் பின்விளிம்பில் விழும்போது ட்ரெய்லரின் முன் நுனி எகிறிவிடும்.

நிறைய சூப்பர் காரில் மூக்கைத் தூக்குகிற பட்டன் இருக்கிறது, 4 சென்டிமீட்டர் போல உயரும். இருந்தால் தயவுசெய்து அதை அழுத்துங்கள்.

கோணம் குறைந்தால் இன்னொன்றும் குறைகிறது, வின்ச்சுக்கு விழுகிற பாரம். 1500 கிலோ காரை 17 டிகிரியில் இழுக்க, உருளும் தடையையும் சேர்த்து, கயிற்றில் 475 கிலோ அளவுக்கு இழுவை வரும். 6 டிகிரியில் 190 கிலோவைத் தாண்டாது. அப்புறம் எதற்குப் பெரிய வின்ச் வாங்கச் சொல்கிறார்கள்? பிரேக் இறுகிப்போய்ச் சக்கரம் சுற்றாமல் நின்றால், சமதளத்திலேயே ஆயிரம் கிலோவுக்கு மேல் இழுவை வேண்டியிருக்கும். இன்னொரு காரணம், வின்ச்சில் எழுதியிருக்கிற திறன், கயிறு சுற்றுகிற உருளையின் முதல் சுற்று வரிசைக்கு மட்டும்தான், கயிறு அடுக்கடுக்காக ஏற ஏற அது குறைந்துகொண்டே போகும். காரின் எடையைப் போல ஒன்றரை மடங்கு திறன் உள்ள வின்ச் இருந்தால் நிம்மதி. கயிறு முழுவதையும் இறக்கிவிடவும் கூடாது. எஃகு கேபிள் என்றால் உருளையில் குறைந்தது ஐந்து சுற்று, செயற்கை இழைக் கயிறு வழுக்கும் என்பதால் பத்துச் சுற்று மிச்சம் இருக்கட்டும்.

வின்ச் கயிற்றின் கொக்கியைக் காரில் எங்கே மாட்டுவது? சக்கரத்தைத் தாங்குகிற சஸ்பென்ஷன் ஆர்மில் மாட்டாதீர்கள், வளைவில் கார் சாயாமல் தடுக்கிற ஆன்ட்டி ரோல் பாரில் மாட்டவே மாட்டாதீர்கள். டிக்கியில் டூல்ஸ் பையைத் திறந்தால் ஒரு தடித்த இரும்பு வளையம் இருக்கும், ஒரு முனையில் மரை. பம்பரில் இருக்கிற சின்ன மூடியை எடுத்துவிட்டு அதை உள்ளே திருக வேண்டும். பல கார்களில் இது இடது மரை. வழக்கம் போல வலப்பக்கம் திருப்பிப் பார்த்துவிட்டு ஏறவில்லை என்று விட்டுவிடுவார்கள். இடப்பக்கம் திருப்புங்கள், அடிவரை போய் நிற்கிற வரைக்கும் திருகுங்கள். பாதி மரையில் நின்றால் இழுக்கும்போது வளைந்துவிடும். வளையம் பம்பரின் ஒரு ஓரத்தில்தான் இருக்கும், அதனால் கயிறு அந்த வளையத்துக்கு நேர்கோட்டில் வருகிற மாதிரி காரை நிறுத்துங்கள்.

இனி சிரிப்பில்லாமல் ஒரு விஷயம். இறுகி நிற்கிற எஃகு கேபிள் அறுந்தால், அது வந்த வழியிலேயே சுருண்டு திரும்பும். கண்ணால் பார்த்து ஒதுங்குவதற்கு நேரம் கிடைக்காது. ஆகவே கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்கக் கூடாது, அதைத் தாண்டிக் குதிக்கவும் கூடாது. கயிற்றின் நடுவில் கனமான கம்பளியோ ஈரச் சாக்கோ போட்டால், அறுந்தாலும் அதன் வேகம் அடங்கும். கையில் தோல் உறை. கேபிளில் நீட்டிக்கொண்டிருக்கிற ஒரு இழை போதும், உள்ளங்கையைக் கிழித்துவிடும். செயற்கை இழைக் கயிறு எடை குறைவு, அறுந்தாலும் எஃகு அளவுக்கு வீசாது, என்னுடைய ஓட்டு அதற்குத்தான். ஆனால் வெயிலும் கூர்மையான விளிம்பும் அதற்கு ஆகாது, வேலை முடிந்ததும் மூடி வையுங்கள்.

காருக்குப் பின்னாலும் யாரும் நிற்க வேண்டாம். ஒருவர் பக்கவாட்டில் நின்றுகொண்டு, நீளமான கைப்பிடி வைத்த அடைக்கட்டையைப் பின் டயருக்குப் பின்னால் தள்ளிக்கொண்டே வரட்டும். கயிறு விட்டாலும் கார் ஒரு அடிகூட உருளாது. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், ஸ்டியரிங் பூட்டாமல் சாவி ஆனில் இருக்கட்டும், ஜன்னல் கண்ணாடி இறங்கியிருக்கட்டும். எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் உள்ள காரில் பேட்டரி உயிரோடு இருக்கும்போதே அதை விடுவித்துவிடுங்கள். இன்ஜின் ஓடவில்லை என்றால் பிரேக்கை இரண்டு மூன்று முறை மிதித்ததுமே பிரேக் மிதியை லேசாக்குகிற பூஸ்டரின் உதவி தீர்ந்துவிடும், பிரேக்கை நம்பி இறங்காதீர்கள்.

ஏற்றியாகிவிட்டது, எங்கே நிறுத்துவது? போர்ஷே 911 வைத்திருப்பவர்கள் இதைக் கேளுங்கள். அந்தக் காரின் இன்ஜின் பின் அச்சுக்கும் பின்னால் இருக்கிறது, எடையில் கிட்டத்தட்ட 60 சதவீதம் பின் சக்கரங்களில். மற்ற கார்களைப் போல நடுவாக நிறுத்தினால் பாரம் ட்ரெய்லரின் வாலில் விழுந்து, இழுக்கிற வண்டியின் கொக்கியில் பாரம் லேசாகிவிடும், நெடுஞ்சாலையில் வேகம் எடுத்ததும் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். அமெரிக்காவில் ட்ரெய்லரின் மொத்த எடையில் 10 சதவீதத்துக்குக் குறையாமல் கொக்கியில் இருக்க வேண்டும் என்பார்கள். அதனால் 911-ஐ நன்றாக முன்னால் தள்ளி நிறுத்துங்கள், அல்லது பின்பக்கம் முன்னால் வருகிற மாதிரி திருப்பி ஏற்றுங்கள்.

கடைசி வேலை, கட்டுவது. வின்ச் கயிற்றை நம்பி காரை அப்படியே ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், வின்ச்சின் பிரேக், பாதை முழுக்கக் குலுங்குகிற பாரத்தைத் தாங்குவதற்காகச் செய்தது இல்லை. நான்கு டயருக்கும் தனித்தனியாக வலைப் பெல்ட், ராட்செட் போட்டு இறுக்குங்கள். டயரைக் கட்டினால் காரின் ஸ்பிரிங் சுதந்திரமாக ஆடும், பெல்ட் தளராது. பாடியைக் கட்டினால் ஒவ்வொரு வேகத்தடையிலும் கார் அமுங்கி எழும், பெல்ட் கொஞ்சம் கொஞ்சமாக இளகும். கிளம்பி ஒரு பத்து கிலோமீட்டர் போனதும் ஓரமாக நிறுத்தி நான்கையும் ஒரு முறை இறுக்கிவிட்டுப் போங்கள்.

உங்கள் காரின் மூக்கு தரையிலிருந்து எத்தனை சென்டிமீட்டர், டயருக்கு முன்னால் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது? டேப் வைத்து அளந்து கமெண்ட்டில் போடுங்கள், எத்தனை டிகிரி ராம்ப் தாங்கும் என்று ஒவ்வொருவருக்கும் கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.