காதுக்குள் குடியேறிய தாடை

நேயர்களுக்கு வணக்கம். ஆள்காட்டி விரலைக் காதுத் துளைக்குச் சற்று முன்னால் வைத்துக்கொண்டு வாயை மெல்லத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கு அடியில் தாடை மூட்டு நகர்வது தெரியும். அந்த மூட்டும் காதும் இப்படி அண்டை வீடுகளாக இருப்பதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு.

அமைப்பு ஒத்த உறுப்புகள் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். மனிதனின் கை, திமிங்கிலத்தின் துடுப்பு, வௌவாலின் இறக்கை ஆகிய மூன்றிலும் மேலே ஓர் எலும்பு, அடுத்து இரண்டு, அதன்பின் மணிக்கட்டும் விரல்களும் என்று ஒரே வரிசை வருவதைப் படமாகவும் வரைந்திருப்போம். அந்தப் படம் சரியானதுதான். ஆனால், ஒத்த உறுப்பு என்றால் பார்வைக்கு ஒத்திருப்பது என்ற தவறான எண்ணத்தையும் அது மனத்தில் விதைத்துவிடுகிறது என்பது என் கருத்து. வௌவாலின் இறக்கையும் காகத்தின் இறக்கையும் முன்னங்கால் என்ற அளவில் ஒரே உறுப்பு. இறக்கை என்ற அளவில் அல்ல. ஏனெனில், அவ்விரண்டுக்கும் பொதுவான மூதாதை பறக்கவில்லை. முன்னங்கால் மட்டுமே அதற்கு இருந்தது.

ஆங்கிலேய உடற்கூற்றியலாளர் ரிச்சர்ட் ஓவன் 1843இல் இக்கருத்துக்கு ஒரு வரையறை தந்தார். வடிவமும் வேலையும் எவ்வளவு மாறியிருந்தாலும், வெவ்வேறு விலங்குகளில் காணப்படும் அதே உறுப்பு என்பதே அதன் சாரம். எதனால் அதே உறுப்பு என்ற கேள்விக்கு அவர் ஒரு மூலப்படிவத்தை, அதாவது அவை அனைத்துக்கும் பொதுவான ஓர் அடிப்படை வடிவத் திட்டத்தைக் காட்டினார். 1859இல் டார்வின் பொது மூதாதையைக் காட்டினார்.

பார்வைக்குச் சிறிதும் ஒத்திராத உறுப்புகள் ஒன்றே என்பதற்கு நம் காதைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. செவிப்பறைக்கு உட்புறம் சுத்தி, பட்டடை, அங்கவடி என மூன்று சிற்றெலும்புகள் உள்ளன. அங்கவடி சுமார் 3 மில்லிமீட்டர்தான். நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு அது. ஊர்வனவற்றின் நடுச்செவியிலோ ஒலியைக் கடத்த ஒரே எலும்பு. அவற்றின் கீழ்த்தாடையில் பல எலும்புகள். நமது கீழ்த்தாடையில் பக்கத்துக்கு ஒன்றுதான். அங்கே குறைந்ததும் இங்கே கூடியதும் ஒரே கணக்கு என்பதை, பன்றிக் கருக்களை ஆராய்ந்த ஜெர்மானியரான கார்ல் ரைக்கெர்ட் 1837இலேயே கண்டறிந்தார். பல்லியின் தாடை மூட்டை ஆக்கும் இரண்டு எலும்புகளே நமக்குச் சுத்தியாகவும் பட்டடையாகவும் ஆகியிருக்கின்றன.

மூட்டாக இருந்த எலும்பு காதுக்குப் போய்விட்டால், இடைப்பட்ட காலத்தில் அந்த விலங்கு எதைக் கொண்டு மென்றது? நியாயமான ஐயம்தான். சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த, மூஞ்சூறு போன்ற மார்கனுகோடான் என்னும் சிறு விலங்கின் புதைபடிவம் இதற்கு விடை சொல்கிறது. அதன் தாடையில் பழைய மூட்டும் புதிய மூட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. புதியது சுமையை ஏற்றுக்கொண்ட பிறகே பழையது விடுபட்டது. கங்காரு இனத்துக் குட்டிகள் பிறக்கும்போதுகூட இந்தப் புதிய மூட்டு உருவாகியிருப்பதில்லை. செவிச் சிற்றெலும்புகள் அப்போது கீழ்த்தாடையோடு ஒட்டியே இருந்து, பின்னர் பிரிகின்றன.

பொது மூதாதையைக் கொண்டு ஒப்புமையை வரையறுத்துவிட்டு, அதே ஒப்புமையைப் பொது மூதாதைக்குச் சான்றாகக் காட்டுவது சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வருவதாகாதா என்று சிலர் கேட்பதுண்டு. வரையறை வேறு, அடையாளம் காணும் முறை வேறு. ஓர் எலும்பு எந்த எலும்புகளுக்கு நடுவில் இருக்கிறது, கருவில் எந்தக் குருத்தெலும்பிலிருந்து உருவாகிறது, எந்த நரம்பு அருகில் ஓடுகிறது என்பவற்றை மூதாதையைப் பற்றி எதுவும் கருதாமலேயே பார்த்துச் சொல்லலாம். ரைக்கெர்ட் தம் முடிவுக்கு வந்தபோது டார்வினின் நூல் வெளிவர இன்னும் 22 ஆண்டுகள் இருந்தன.

மூன்றாவதான அங்கவடியின் கதை இன்னும் பழையது. அடுத்த முறை மீன் தலைக் குழம்பு உண்ணும்போது, கண்ணுக்குப் பின்புறம் மண்டையோட்டிலிருந்து தாடையைத் தாங்கிக்கொண்டு இறங்கும் எலும்பைச் சற்றுத் தேடிப் பாருங்கள். அந்த எலும்புதான் நமக்கு அங்கவடி ஆகியிருக்கிறது. இப்போது என் குரல் உங்கள் உட்செவியை அடைவது அதன் வழியாகத்தான். வணக்கம்.