மழைக்கு முன்னால் மரத்தைப் பாருங்கள்

(சென்னையில் குடியிருப்போர் கூட்டம் ஒன்றில் மரப் பராமரிப்புத் தொழில் செய்பவர் ஆற்றிய உரை)

எல்லோருக்கும் வணக்கம். மரம் ஏறுவது, கிளை கழிப்பது, நோய் பார்ப்பது, வேறு வழியே இல்லாதபோது மரத்தை இறக்குவது, இதுதான் என் தொழில். புரட்டாசி பிறந்தால்தான் எங்களுக்கு அழைப்பு வரும். "புயல் சீசன் வருது, மரத்தை மொட்டை அடிச்சு விட்டுடுங்க" என்பார்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் மொட்டை அடிப்பது அந்தப் பயத்துக்கு மருந்து இல்லை. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

மரத்துக்குச் சாப்பாடு இலையில் தயாராகிறது. இலை மொத்தமும் போனதும், மரம் சேமித்து வைத்ததையெல்லாம் செலவழித்துப் பட்டைக்கு அடியில் தூங்கும் மொட்டுகளை எழுப்பிவிடுகிறது. வெட்டிய இடத்தைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகத் துளிர் வரும். "பாருங்க, எவ்வளவு நல்லா துளிர்த்திருக்கு" என்று சந்தோஷப்படுவீர்கள். இயல்பாக வளர்ந்த கிளை, தண்டோடு சேர்ந்து ஆண்டுக்கு ஆண்டு பின்னிக்கொண்டு வளர்ந்தது. இந்தப் புதுக் கொப்புக்கு அந்தப் பிடிப்பு கிடையாது, வெளி அடுக்கில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே வெட்டுவாய் அழுகிக்கொண்டிருக்கும். சில மழைக்காலம் போய்க் கொப்பு கனத்ததும் காற்றில் பிய்த்துக்கொண்டு வரும், உங்கள் கார் மேலேயே விழும்.

2016 டிசம்பர் 12 வர்தா புயலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இந்த நகரம் ஆயிரக்கணக்கான மரங்களை ஒரே நாளில் இழந்தது. குல்மோகர், இயல்வாகை, தூங்குமூஞ்சி எல்லாம் தெருத்தெருவாகக் கிடந்தன. "வெளிநாட்டு மரம், அதனால விழுந்துச்சு" என்று எல்லோரும் சொன்னார்கள். அதில் பாதி உண்மை உண்டு. குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து வந்தது, அதன் கட்டை எளிதில் முறியும். ஆனால் வேரோடு சாய்ந்த மரங்களின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டியபோது ஒரு பக்கத்து வேர், கேபிள் பதித்தபோது இன்னொரு பக்கத்து வேர் என்று நறுக்கியிருப்பார்கள். மிச்சமிருக்கும் இடத்தில் தண்டை ஒட்டி சிமென்ட் போட்டிருப்பார்கள். மரத்தின் வேரில் பெரும்பகுதி மேல்மண்ணில், இரண்டு அடி ஆழத்துக்குள்தான் பரவுகிறது. அதற்குக் காற்றும் தண்ணீரும் வேண்டும். அந்த இரண்டு அடியை அடைத்துவிட்டு, காற்றடித்தால் நிற்க வேண்டும் என்று மரத்திடம் எதிர்பார்க்கிறோம். தண்டைச் சுற்றி நாலடிக்கு நாலடி மண் விடுங்கள். நான் கேட்பதில் மிகச் சுலபமானது இதுதான்.

சரி, கிளையை எடுத்தே ஆக வேண்டும் என்றால் எப்படி எடுப்பது? கிளை தண்டிலிருந்து புறப்படும் இடத்தில் ஒரு புடைப்பு இருக்கும். நாங்கள் அதைக் கழுத்து என்கிறோம். வேப்ப மரத்தில் நன்றாகத் தெரியும், வீட்டுக்குப் போய்த் தடவிப் பாருங்கள். கத்தி அந்தக் கழுத்துக்கு வெளியே நிற்க வேண்டும். தண்டோடு ஒட்ட மழமழவென்று வெட்டினால் பார்க்க அழகாக இருக்கும், கழுத்து போய்விடும். ஒரு முழம் விட்டு வெட்டினால் நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் குச்சி காய்ந்து, உள்ளே பூஞ்சை போக வழியாகும்.

இதை உலகத்துக்கு விளங்க வைத்தவர் அமெரிக்க வனத்துறை விஞ்ஞானி அலெக்ஸ் ஷைகோ. ஆயிரக்கணக்கான மரங்களைச் செயின் சாவால் நெடுக்காகப் பிளந்து உள்ளே அழுகல் எப்படிப் பரவுகிறது என்று பார்த்தார். அழுகிய பகுதியை மரம் சரிசெய்வதில்லை, அதைச் சுற்றிச் சுவர் எழுப்பி அடைத்துவிட்டு வெளியே புதுக் கட்டை அடுக்கை வளர்க்கிறது என்று 1970களில் விளக்கினார். அந்தச் சுவர் எழும் இடங்களில் முக்கியமானது இந்தக் கழுத்து. அதை வெட்டியவன் மரத்தின் கையைக் கட்டிப்போட்டவன். வெட்டுவாயில் தார் பூசுவது, பெயின்ட் அடிப்பது, பொந்தில் செங்கல்லும் சிமென்ட்டும் அடைப்பது, இதெல்லாம் ஒரு காலத்தில் உலகமெங்கும் செய்தார்கள். பூச்சு அழுகலைத் தடுப்பதில்லை, சிமென்ட் ஈரத்தைப் பிடித்து வைக்கிறது. விட்டுவிட்டார்கள். நாமும் விட்டுவிடலாம்.

கனமான கிளையை ஒரே வெட்டில் எடுக்கக் கூடாது. பாதி அறுக்கும்போதே பாரம் இழுத்து, தண்டின் பட்டையை உரித்துக்கொண்டு போகும். கழுத்திலிருந்து ஓரடி தள்ளி முதலில் அடியிலிருந்து ஒரு வெட்டு, கால் பங்கு ஆழம். அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கிளை விழுந்துவிடும். மிச்சமிருக்கும் குச்சியைக் கழுத்தை ஒட்டி மூன்றாவதாக எடுக்க வேண்டும். காய்ந்த கிளையை எந்த மாதமும் எடுக்கலாம். பச்சைக் கிளைகளில் ஒரே தடவையில் கால் பங்குக்கு மேல் கை வைக்க விடாதீர்கள். ஏறுவதற்கு முன் கூடு இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

தென்னைக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதன் தண்டில் பட்ட காயத்தை மூடப் புதுக் கட்டை வளராது. ஏறுவதற்கு வசதியாகப் படி வெட்டினால், அந்தத் தழும்பு தென்னை இருக்கும்வரை அப்படியே இருக்கும்.

புயலுக்கு முன்னால் நீங்களே பார்க்க வேண்டியவை சில உண்டு. இரண்டு பெரிய கிளைகள் பிரியும் கவை அகன்று விரிந்திருந்தால் கவலையில்லை. குறுகி, இரண்டுக்கும் நடுவில் பட்டை உள்ளே மடிந்து போயிருந்தால் அது பிளக்கும் இடம். அடித்தண்டில் தட்டுத் தட்டாகக் காளான் வந்திருந்தால் வேர்ப்பக்கம் அழுகல் இருக்க வாய்ப்பு அதிகம். சாய்ந்த மரத்தில், சாய்வுக்கு எதிர்ப்பக்கம் மண் புதிதாக வெடித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள். பொந்து இருக்கிறது என்பதற்காக மட்டும் மரத்தை இறக்கச் சொல்லாதீர்கள். பொந்தைச் சுற்றிலும் போதிய கனத்துக்கு அழுகாத கட்டை இருந்தால் அது நிற்கும். தெலங்கானாவில் மகபூப்நகர் பக்கம் பில்லலமர்ரி என்றொரு பழம்பெரும் ஆலமரம். கரையான் அரித்துக் கிளை முறிந்தபோது, 2018இல் சலைன் பாட்டில் கட்டி மருந்தை உள்ளே ஏற்றினார்கள், தொங்கிய கிளைகளுக்குத் தாங்குதூண் கொடுத்தார்கள். அப்படியும் ஒரு மரத்துக்காக மெனக்கெட முடியும்.

ஏறுகிறவர்களைப் பற்றியும் பேச வேண்டும். ஓரடி குறுக்களவுள்ள பச்சைக் கட்டை பத்தடி நீளம் இருந்தால் இருநூறு கிலோ இருக்கும். அதைக் கயிற்றில் கட்டி, கீழே இருப்பவர் மெதுவாக விட்டு இறக்குகிறார். அவர் நிற்கும் வட்டத்துக்குள் உங்கள் பிள்ளைகளை வேடிக்கை பார்க்க விடாதீர்கள். கம்பி பக்கத்தில் இருந்தால் மின்வாரியத்திடம் சொல்லி லைனை நிறுத்திய பிறகுதான் வேலை. "சின்னக் கிளைதானே, பார்த்து வெட்டிடு தம்பி" என்று சொல்லாதீர்கள். ஈரக்கிளை மின்சாரத்தைக் கடத்தும்.

விழுந்து கிடக்கும் மரம் நிற்கும் மரத்தைவிட ஆபத்து. வளைந்து அழுந்திய கிளையை அறுத்தால் விசையோடு திருப்பி அடிக்கும். தண்டை அறுத்ததும் பாரம் குறைந்த வேர்த்தட்டு, அதாவது மண்ணோடு பெயர்ந்து நிற்கும் வேர்ப்பகுதி, சடாரென்று நிமிர்ந்து குழிக்குள் திரும்பப் போய் உட்காரும், அந்தக் குழியில் ஒருவர் நின்றிருந்தால் அவ்வளவுதான். புயல் ஓய்ந்த காலையில் ஆர்வத்தில் அரிவாளை எடுத்துக்கொண்டு இறங்குகிற இளைஞர்களுக்காகத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

அப்புறம் கூலி. "காசு வேண்டாம், கட்டையை எடுத்துக்கிறோம்" என்று ஒருவர் வந்தால் யோசியுங்கள். கட்டைதான் அவருக்குக் கூலி என்றால் தடித்த கிளையாகப் பார்த்துத்தான் வெட்டுவார். பணம் பேசி வேலை கொடுங்கள். எந்தக் கிளை, எந்த இடம் என்று மரத்தடியில் நின்று காட்டச் சொல்லிக் கேளுங்கள். ஏறுகிறவருக்கு ஹெல்மெட், இடுப்பு பெல்ட், விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்கிற வீடுகள் கூடினால்தான் எங்கள் பிள்ளைகளுக்கு அது கிடைக்கும். தெருமரம் என்றால் மாநகராட்சிக்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்குங்கள், நீங்களாக ஆள் வைத்து வெட்டாதீர்கள்.

இப்போது ஆனி மாதம். மழைக்கு இன்னும் நேரம் இருக்கிறது, நிதானமாகப் பார்த்துக் கவாத்து செய்யலாம். உங்கள் இரண்டாவது தெரு முனையில் ஒரு தூங்குமூஞ்சி நிற்கிறதே, அதன் கவையில் பட்டை உள்ளே மடிந்திருக்கிறது. வரும்போதே பார்த்தேன். கூட்டம் முடிந்ததும் வருகிறவர்கள் வாருங்கள், காட்டுகிறேன். எந்தக் கிளையில் பாரம் குறைக்கலாம் என்று சேர்ந்தே முடிவு செய்து, செயலாளர் அய்யா கையாலேயே மனு எழுதிவிடுவோம்.